பெயில் கிடைத்தும் புழல் சிறையை விட்டு வெளியே வராதவர்களுக்கு

மகனுக்குப் பெயில் கிடைத்தது ஒரு திங்கட்கிழமை. அவன் வீட்டுக்கு வந்தது 23 நாள் கழித்து. காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் பாரிமுனையில் டீக்கடை வாசலில் நின்று இதைச் சொல்லிவிட்டு, "யாராச்சும் ஏமாத்திட்டாங்களாப்பா, இல்ல வழக்கமே இப்படித்தானா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது.

வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும் இந்தக் கதை எனக்குப் பழக்கம். பெயில் ஆர்டர் வந்தவுடன் குடும்பம் சாமி கும்பிட்டுவிடுகிறது. உண்மையில் அலைச்சல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைது செய்தால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அவர் ரிமாண்ட் செய்தால் நம் பக்கத்து ஆண்கள் பெரும்பாலும் போவது புழல். அந்த வளாகத்தில் தண்டனை பெற்றவர்களுக்கு ஒரு சிறை, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்குத் தனியாக ஒன்று. பெயில் மனுவை மாஜிஸ்திரேட் தள்ளினால் செஷன்ஸ் கோர்ட், அங்கேயும் தள்ளினால் ஹைகோர்ட். 2024 ஜூலை 1 முதல் இதற்கெல்லாம், பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக, பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய சட்டம். பழைய பிரிவு எண்களை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களிடம் புது எண்ணைக் கேளுங்கள்.

ஆர்டரில் "10,000 ரூபாய்க்குச் சொந்தப் பிணைப்பத்திரமும், அதே தொகைக்கு இரண்டு நபர் ஜாமீனும்" என்று இருக்கும். இந்த 10,000 யாரும் கட்ட வேண்டிய பணம் அல்ல. பையன் கோர்ட்டுக்கு வராமல் ஓடிப்போனால் இவ்வளவு தருகிறோம் என்று எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி, அவ்வளவுதான். பணமாக டெபாசிட் கட்டு என்று ஆர்டரிலேயே தனியாக எழுதியிருந்தால் மட்டும்தான் கட்ட வேண்டும், அதற்கும் கோர்ட்டில் ரசீது உண்டு. மேலே சொன்ன அக்கா இதை "கோர்ட் பீஸ்" என்று நம்பி, வட்டிக்கு 20,000 வாங்கி ஓர் இடைத்தரகர் கையில் கொடுத்திருந்தார். இரண்டு ஜாமீன்தாரருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டாராம் அந்த மனிதர். அப்புறம் போனை எடுக்கவில்லை.

அடுத்தது ஆள். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், பல நேரம் அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று ஆர்டரில் வரும். வாடகை வீட்டில் இருக்கும் சித்தப்பா, மீன்பாடி வண்டி ஓட்டும் மாமா, வீட்டு வேலைக்குப் போகும் அத்தை, இவர்கள்தான் நம்மிடம் உண்டு. கோர்ட் ஆபீஸில் இருப்பவர் கேட்பது வண்டி ஆர்சி புக், வீட்டு வரி ரசீது, தாசில்தாரிடம் சொத்து மதிப்புச் சான்று. தாலுகா ஆபீஸுக்குப் போனால் வி.ஏ.ஓ.வைப் பார், அங்கே போனால் பத்திரம் கொண்டுவா. புறம்போக்கில் 40 வருடமாகக் குடியிருப்பவர் எந்தப் பத்திரத்தைக் காட்டுவார்?

ஆர்டரை நீங்களே ஒரு முறை வாசியுங்கள், வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்தாவது வாசிக்கச் சொல்லுங்கள். சென்னை ஹைகோர்ட் பெயில் உத்தரவுகளில் வழக்கமாக வரும் வாசகம் இது: ஜாமீன்தாரர் புகைப்படமும் இடது பெருவிரல் ரேகையும் வைக்க வேண்டும், அடையாளத்தை உறுதிசெய்ய ஆதார் அல்லது வங்கி பாஸ்புக் நகலை மாஜிஸ்திரேட் வாங்கிக்கொள்ளலாம். "அல்லது" என்று இருக்கிறது, கவனியுங்கள். ஆர்சி புக் என்று அதில் இல்லை. சட்டத்திலும் தாசில்தார் சான்று கட்டாயம் என்று எங்கும் இல்லை. ஜாமீன்தாரர் தகுதியானவர்தான் என்பதற்கு அபிடவிட்டை (உறுதிமொழிப் பத்திரத்தை) ஏற்கலாம், சந்தேகம் இருந்தால் விசாரிக்கலாம் என்றுதான் பி.என்.எஸ்.எஸ். 485-வது பிரிவு சொல்கிறது. ஆக, முடிவு செய்ய வேண்டியவர் நீதிபதி. மேசைக்குப் பின்னால் இருப்பவர் "இது செல்லாது" என்று சொன்னால் அது உத்தரவு ஆகாது. காகிதங்களை நீதிபதி முன் வைக்கச் சொல்லி வக்கீலிடம் வற்புறுத்துங்கள். தள்ளினால் காரணத்தோடு எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் இருந்தால்தான் மேல் கோர்ட்டுக்குப் போக முடியும்.

வெளியூர் ஆள் வேண்டாம் என்பார்கள். ராமநாதபுரத்து அண்ணன் வேலையைப் போட்டுவிட்டு ராத்திரி பஸ் பிடித்து வந்திருப்பார், "லோக்கல் ஷூரிட்டிதான் வேணும்" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புவார்கள். 1978-லேயே மோத்தி ராம் என்ற மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் வழக்கில் இதைச் சுப்ரீம் கோர்ட் தவறு என்று சொல்லிவிட்டது. அங்கேயும் இதே கதைதான்: 10,000 ரூபாய் ஜாமீன், உடன்பிறந்தவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளினார்கள். 2023 ஜனவரி 31 அன்று வந்த உத்தரவிலும், விடுதலை தாமதமாக உள்ளூர் ஜாமீன் கேட்பது ஒரு காரணம், அந்த நிபந்தனையைப் போடாமல் இருக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. வக்கீலிடம் இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

அந்த 2023 உத்தரவில் இன்னும் சில விஷயம் உண்டு, குடும்பங்களுக்குத் தெரியவே தெரியாது. பெயில் கொடுத்த கோர்ட் அன்றைக்கோ மறுநாளோ ஆர்டரை மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும். 7 நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர், இலவச சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் ஜாமீன் பத்திரம் தர முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று கோர்ட் தானாகவே பார்க்கலாம். வெளியே வந்தால்தான் ஆள் தேட முடியும் என்று கைதி கேட்டால், தகுந்த வழக்கில் கொஞ்ச நாளைக்குத் தற்காலிக ஜாமீனும் தரலாம். "தெரிவிக்க வேண்டும்" என்று இருப்பதெல்லாம் தானாக நடந்துவிடும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். 8-வது நாள் காலையில் நீங்களே ஒரு மனு எழுதி, ஆர்டர் நகலோடு சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கொடுத்து, உங்கள் நகலில் சீல் வாங்குங்கள். சீல் இல்லாத மனு கொடுக்காத மனு.

ஜாமீனில் விடக்கூடிய சின்னக் குற்றம் என்றால் இன்னும் எளிது. ஒரு வாரத்தில் ஜாமீன்தாரர் கொண்டுவர முடியாதவரை வசதியில்லாதவர் என்று எடுத்துக்கொண்டு சொந்தப் பத்திரத்திலேயே விட வேண்டும். 478-வது பிரிவு.

ஏழைக் கைதிகளுக்கு அரசே பணம் கட்டும் திட்டம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. 2023-ல் மத்திய அரசு கொண்டுவந்தபோது விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரை என்று வைத்தார்கள். மாவட்ட அளவில் ஒரு குழு முடிவு செய்யும். கஞ்சா உள்ளிட்ட போதைப்பொருள் வழக்கு, யு.ஏ.பி.ஏ. (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்), ஊழல், சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்பு வழக்குகளுக்குக் கிடையாது. இதைவிடப் பெரிய ஓட்டை வேறு: இது பணம் கட்டும் திட்டம், ஆள் தரும் திட்டம் அல்ல. நம் ஊரில் பலர் மாட்டிக்கொண்டிருப்பது ஆள் ஜாமீனில்.

சரி, ஜாமீன்தாரர் கிடைத்துவிட்டார், ரிலீஸ் ஆர்டரும் புழலுக்குப் போய்விட்டது. குடும்பம் ஆட்டோ பிடித்து வாசலில் நிற்கிறது. பையன் வரவில்லை. "வேற கேஸ்ல பி.டி. வாரண்ட் இருக்கு" என்கிறார்கள். சிறையில் இருப்பவரை இன்னொரு வழக்குக்காகக் கோர்ட்டுக்குக் கொண்டுவரச் சொல்லும் உத்தரவு அது. உள்ளே இருக்கும்போதே பழைய வழக்கு ஒன்றில் கைது காட்டியிருப்பார்கள், வீட்டுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாகப் பெயில் வேண்டும். அதனால் முதல் முறை சிறையில் மனு போட்டுப் பார்க்கும்போதே பையனிடம் கேட்க வேண்டியது "சாப்பிட்டியா" மட்டும் அல்ல. எந்த ஸ்டேஷன், என்ன குற்ற எண், எத்தனை பேப்பரில் கையெழுத்து வாங்கினார்கள், வேறு கோர்ட்டுக்குக் கூட்டிப் போனார்களா, வீடியோவில் காட்டினார்களா என்று கேளுங்கள். மூன்று வழக்குக்கு ஆறு ஜாமீன்தாரருக்கு எங்கே போவது என்றால், 2024 ஆகஸ்டில் கிரீஷ் காந்தி என்பவர் வழக்கில், பல வழக்குகளில் பெயில் வாங்கியவருக்கு அதே ஜாமீன்தாரர்களையே ஏற்கும்படி சுப்ரீம் கோர்ட் வழி விட்டிருக்கிறது. "இவர் ஏற்கெனவே இன்னொரு கேஸில் நிற்கிறார்" என்று தள்ளினால் இதைக் காட்டச் சொல்லுங்கள்.

குண்டாஸ், அதாவது குண்டர் தடுப்புச் சட்டம், போட்டுவிட்டால் மேலே சொன்ன எதுவும் உதவாது. 1982-ஆம் வருடத்து 14-வது சட்டம் அது. சென்னையில் போலீஸ் கமிஷனர் கையெழுத்து, 12 மாதம் வரை உள்ளே. பெயில் ஆர்டர் சட்டைப் பையில் இருந்தாலும் வெளியே வர முடியாது. ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுதான் முக்கியமான வழி. காரணங்கள் அடங்கிய காகிதக் கட்டை 5 நாளுக்குள் உள்ளே இருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். பக்கம் விட்டுப்போயிருக்கிறதா, எழுத்து தெரியாத ஜெராக்ஸா, தமிழில் தராமல் ஆங்கிலத்தில் மட்டும் தந்த பக்கம் எது என்று அவரை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். இந்த மாதிரிக் காரணங்களுக்காகவே ரத்தான உத்தரவுகள் நிறைய.

இன்னும் பெயிலே கிடைக்காதவர்கள் காலண்டரைக் கையில் எடுங்கள். சார்ஜ் ஷீட் (குற்றப்பத்திரிகை) 60 நாளில் வர வேண்டும்; தூக்கு, ஆயுள், 10 வருடம் அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றம் என்றால் 90 நாள். 20 கிலோவுக்கு மேல் கஞ்சா என்றால் 180 நாள். வராவிட்டால் பெயில் உரிமை, நீதிபதி கருணை காட்ட வேண்டியதில்லை. கணக்கு கைதான நாளிலிருந்து அல்ல, முதல் ரிமாண்ட் நாளிலிருந்து. அந்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். ஏப்ரல் 1-ல் ரிமாண்ட் என்றால் மே 30-ஆம் தேதி 60-வது நாள். 31 காலையில் கோர்ட் திறக்கும்போது மனு உள்ளே இருக்க வேண்டும். மதியம் போலீஸ் சார்ஜ் ஷீட்டைக் கொண்டுவந்து வைத்த பிறகு, "உரிமை இருந்துச்சே சார்" என்று சொல்லிப் பயனில்லை. "அடுத்த வாய்தாவுல பாத்துக்கலாம்மா" என்று சொல்லும் வக்கீலால் இந்த நாளை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வழக்கு இழுத்துக்கொண்டே போனால் 479-வது பிரிவு இருக்கிறது. அதிகபட்சத் தண்டனையில் பாதியை உள்ளேயே கழித்தவரையும், முன்பு எந்தக் குற்றத்திலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு கழித்தவரையும் விடச் சொல்கிறது. 3 வருடத் திருட்டு வழக்கில் முதல் முறைக்காரருக்கு ஒரு வருடம். சிறைக் கண்காணிப்பாளரே கோர்ட்டுக்கு எழுத வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. தூக்கு, ஆயுள் வரை தண்டனை உள்ள குற்றங்களுக்குக் கிடையாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் கிடையாது. நம் பக்கத்துப் பையன்கள் மேல் ஒரே ஒரு வழக்கோடு யார் நிறுத்துகிறார்கள்?

காசில்லாமல் வக்கீல் கிடைக்கும். காவலில் இருப்பவருக்கு வருமானச் சான்று தேவையே இல்லை, அதைக் கேட்டு அலையவிட்டால் நகராதீர்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கும் அப்படியே. சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு ஹைகோர்ட் வளாகத்தில் ஆபீஸ் இருக்கிறது, போனில் 15100. இலவச வக்கீல் "செலவுக்கு" என்று கேட்டால் கொடுக்காதீர்கள், அதே ஆபீஸில் எழுதிக் கொடுங்கள்.

வெளியே வந்த பிறகு தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்று நிபந்தனை இருந்தால், வேலை போய்விடும் என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு வாரம் ஒழுங்காகப் போய்விட்டுத் தளர்த்தல் மனு போடுங்கள். கையெழுத்து நோட்டை எடுத்துத் தராமல் "நாளைக்கு வா" என்று அனுப்பினால், அன்றைக்கே ஸ்டேஷன் வாசலில் நேரம் தெரியும்படி போட்டோ எடுத்து வக்கீலுக்கு அனுப்புங்கள். வராதவன் என்று பெயில் ரத்து மனு வரும்போது அதுதான் கையில் இருக்கும். ஜாமீன் கையெழுத்துப் போட்ட அத்தைக்கும் ஒரு வார்த்தை: பையன் வாய்தாவுக்குப் போகாமல் பிடிவாரண்ட் ஆனால் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும், அந்த 10,000 அப்போதுதான் நிஜப் பணமாகும். அவன் சகவாசம் சரியில்லை என்று தெரிந்தால் ஜாமீனிலிருந்து விலகிக்கொள்ள நீங்களே கோர்ட்டில் மனு கொடுக்கலாம். வாய்தா தேதியை அவனிடம் கேட்காமல் இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.