அடுத்த அறைக் கோப்பு நம் திரையில் எப்படித் திறக்கிறது?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அச்சகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கல்யாணப் பத்திரிகை, தைப்பூச நோட்டீஸ் என எல்லா வேலையும் மூலையில் கிடக்கும் பழைய கணினி ஒன்றில்தான் சேமிக்கப்படுகிறது. அதில் லினக்ஸ் இயங்குதளம், அதன்மேல் சம்பா என்ற திறந்தமூல சர்வர் மென்பொருள். முன்மேசையில் இருக்கும் விண்டோஸ் கணினிக்கு அது இன்னொரு டிரைவ், அவ்வளவுதான்.

அந்த டிரைவைத் திறந்ததும் இரண்டு கணினிகளும் எஸ்எம்பி என்ற நெறிமுறையில், அதாவது கோப்புகளைப் பகிர்வதற்கான பொது விதிகளின்படி, பேச ஆரம்பிக்கின்றன. எந்தப் பதிப்பில் பேசுவது என்று முதலில் முடிவாகும். அப்புறம் பெயர், கடவுச்சொல். கோப்பைத் திறக்கச் சொன்னால் சர்வர் ஓர் அடையாள எண் தரும். ‘இந்த எண்ணுள்ள கோப்பில், இந்த இடத்திலிருந்து இத்தனை பைட் கொடு’ என்று துண்டு துண்டாகக் கேட்டு வாங்குவதுதான் மீதி வேலை.

சரி, ஒரே பத்திரிகையை இரண்டு பேர் திறந்தால்? முதலில் திறந்த வேர்ட், ‘நான் மூடும்வரை வேறு யாரும் இதில் எழுதக்கூடாது’ என்று சொல்லியே திறக்கும். இரண்டாமவருக்குப் படிக்க மட்டுமே அனுமதி. இதைவிட நுட்பமானது ஓப்லாக். கோப்பைத் திறந்திருப்பவர் ஒருவரே என்றால், மாற்றங்களைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ள அவருடைய கணினிக்குச் சர்வர் அனுமதி தரும். வலையமைப்பில் போக்குவரத்து குறையும், வேகம் கூடும். இன்னொருவர் அதே கோப்பைக் கேட்ட நொடியில் சர்வர் அவரை நிறுத்திவைத்து, முதல் கணினியிடம் ‘கையில் இருப்பதை அனுப்பிவிடு’ என்கிறது. அது வந்து சேர்ந்த பிறகே அடுத்தவருக்குப் பதில். பழைய தேதி அச்சான பத்திரிகை வெளியே போகாமல் காப்பது இப்படிப்பட்ட காத்திருப்புதான்.

இத்தனையையும் சம்பாவை உருவாக்கிய ஆண்ட்ரூ டிரிட்ஜெல் எந்த ஆவணமும் கையில் இல்லாமல் தொடங்கினார் என்பது எனக்கு இன்றும் பெரிய வியப்பு. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆய்வு மாணவராக இருந்தபோது, கம்பியில் ஓடிய தகவல் பொதிகளைக் கவனித்தே நெறிமுறையைப் புரிந்துகொண்டு, 1992-இல் முதல் சர்வரை வெளியிட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தின் போட்டிச் சட்ட வழக்கில் மைக்ரோசாப்ட் தோற்ற பிறகு, 2007 டிசம்பரில்தான் அந்த நிறுவனத்தின் நெறிமுறை ஆவணங்கள் சம்பா குழுவுக்குக் கிடைக்க வழி பிறந்தது.

ஓர் எச்சரிக்கை. எஸ்எம்பி பேசுவது 445-ஆம் போர்ட்டில், அதாவது கணினியின் அந்த எண்ணுள்ள வலை வாசலில். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீநிரல் புகுந்தது அந்த வழியாகத்தான். அதே மாதம் சம்பாவிலும் ஏழாண்டுப் பழைய பாதுகாப்பு ஓட்டை ஒன்று அடைக்கப்பட்டது. ஆகவே வீட்டிலிருந்து கோப்பு வேண்டுமென்றால் ரௌட்டரில் 445-ஐத் திறந்துவிடாதீர்கள். வயர்கார்ட் போன்ற விபிஎன் (இணையத்தின் ஊடே போகும் பூட்டிய தனிப்பாதை) வழியாக அலுவலக வலைக்குள் வந்து, அங்கிருந்து திறவுங்கள்.