புரந்தரன் நகரழிப்போன் அல்லன்

சென்ற வாரம் மெய்ப்புத் திருத்த வந்த ஒரு வரலாற்று மொழிபெயர்ப்பில், மூன்று பக்கத்துக்குள் ஐந்து முறை இந்திரன் 'நகரழிப்போன்' ஆகியிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. ஆரியர் வந்து அரப்பா நகரங்களை இடித்துத் தள்ளினார்கள் என்ற பழங்கதை முழுவதும் அந்த ஒரு சொல்லில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

மூலச்சொல் புரந்தரன், ரிக் வேதத்தில் இந்திரனுக்கு வரும் அடைமொழி. புர் என்பதோடு, பிளத்தலைக் குறிக்கும் வினையடியிலிருந்து வந்த 'தர' சேர்ந்தது. நகரத்தைக் குறிக்கும் கிரேக்கப் பொலிஸும் லித்துவேனியப் பிலிஸும் புர்ருக்கு உறவு. பிலிஸ் இன்றும் கோட்டைதான். வேர் பற்றி இவ்வளவு போதும்.

காஞ்சிபுரம் இருக்கிறதே, புரம் என்றால் ஊர்தானே என்பார்கள். அது பிற்காலப் பொருள். ரிக் வேதத்தின் புர் கல்லாலானது அல்லது அயசு என்ற உலோகத்தாலானது. 'சரத்காலப் புர்', அதாவது மழை ஓய்ந்த பருவத்தின் புர், என்றும் வருகிறது. சரத்காலத்துக்கென்று ஒரு நகரமா? மொகஞ்சதாரோவில் வீடு, கிணறு, வடிகால் எல்லாம் சுட்ட செங்கல். செங்கல்லைக் குறிக்கும் 'இஷ்டகா' என்ற சொல்லோ ரிக் வேதத்தில் இல்லவே இல்லை. யஜுர் வேதத்தில்தான் தலைகாட்டுகிறது. ஏழாம் மண்டலத்தில் வசிட்டர் அக்கினியிடம், எங்கள் ஆட்களைக் காக்க நூறு சுற்றுள்ள பெரிய அயசுப் புர் ஆகு என்று வேண்டுகிறார். நம் மொழிபெயர்ப்பாளர் கையில் அக்கினி 'இரும்பு நகரம்' ஆகிவிட்டான். (அயசு அன்று செம்போ வெண்கலமோ, அது தனி வழக்கு.) நெருப்பை மதிலாக நில் என்று வேண்டலாம், நகராட்சியாக நில் என்று எவர் வேண்டுவார்?

1946இல் அரப்பாவில் சுடாத செங்கல் மதில் ஒன்றைத் தோண்டிக் கண்ட தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், வேதத்தின் புர் இதுதான் என்றார். மறு ஆண்டே இந்திரனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டார். அவர்கூடக் கோட்டை என்றுதான் சொன்னார்! மொகஞ்சதாரோ எலும்புக்கூடுகளைச் சாட்சிக்கு அழைத்தார். அவை ஒரே காலத்தவை அல்ல, கோட்டை மேட்டில் ஒரு பிணம்கூடக் கிடைக்கவில்லை என்று 1964இல் தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் அந்தச் சாட்சியை உடைத்தார். 1976இல் சமஸ்கிருத அறிஞர் வில்ஹெல்ம் ராவ் வேத இலக்கியத்தில் புர் வரும் இடங்களையெல்லாம் அலசி, அது மண்ணாலும் கல்லாலும் எழுப்பிய வட்ட அரண், நகரமல்ல என்று காட்டினார். ஆரியர் வரவை நான் மறுக்கவில்லை. வந்தார்கள் என்பது வேறு, நகரத்தை இடித்தார்கள் என்பது வேறு. பொ.ஆ.மு. 1900 அளவிலேயே அந்த நகரங்கள் வெறிச்சோடத் தொடங்கிவிட்டன.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கோட்டை' பரவாயில்லை; ஆனால் செஞ்சிதான் கண்முன் நிற்கும். சொல்லைத் தேடி அலையவே வேண்டாம், எயில் இருக்கிறது. எயிற்பட்டினத்தைச் சிறுபாணாற்றுப்படை 'மதிலொடு பெயரிய' பட்டினம் என்கிறது; எயில் மதில், பட்டினம் ஊர், இரண்டும் ஒன்றல்ல என்பது அங்கேயே விளங்கிவிடுகிறது. சிவன் எரித்த முப்புரத்தைப் புறநானூறு 'மூவெயில்' என்றது. அதே புரம்! இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே நம் புலவர் சரியாகப் பெயர்த்துவிட்டார்; 'மூநகர்' என்று எழுத அவருக்குத் தோன்றவில்லை. சோழன் 'தூங்கெயில் எறிந்த'வன், அதாவது தொங்கும் மதிலை அழித்தவன். அந்த வழியில் புரந்தரன் எயிலெறிந்தோன். (எய்யும் இல் எயில் என்று பிரித்துக் காட்டுவோர் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கையில்லை.) தூய தமிழ் என்று 'நகர்' பிடித்தவர்களுக்கு இன்னொன்று: சங்கப் பாட்டில் நகர் பெரும்பாலும் மாளிகை. அந்தக் கணக்கில் நகரழிப்போன், வீடு இடிக்க வந்த ஆள்.

திருத்தி அனுப்பினேன். 'எயில் யாருக்குப் புரியும்?' என்று ஓரத்தில் எழுதிப் பழைய சொல்லையே வைத்துவிட்டார்கள். அப்படியானால் 'மதில் தகர்ப்போன்' என்றாவது போடுங்கள் என்று மறுபடி எழுதினேன். இரண்டாம் மெய்ப்பு நேற்று வந்தது. இந்திரன் மதில் தகர்ப்போன் ஆகிவிட்டான். அக்கினி இன்னும் இரும்பு நகரமாகவே எரிந்துகொண்டிருக்கிறான்.