பீரோ: இரும்பு அலமாரியா, அலுவலகமா?

திருச்சியிலிருந்து கோலாலம்பூர் செந்தூலுக்கு வந்திருந்த சித்தப்பாவிடம், "பக்கத்து வீட்டுக்காரர் கட்சியில் பீரோ தலைவர்" என்றேன். "இரும்பு பீரோ வியாபாரமாப்பா?" என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை. தமிழ்நாட்டில் நகையையும் பட்டுப்புடவையையும் வைத்துப் பூட்டுவதுதான் பீரோ. கோலாலம்பூரில் அது நமக்கு அலமாரி. இங்கே பீரோ என்றால் மலாய் 'பிரோ'வோடு பழகிய அலுவலகச் சொல்.

இரண்டும் ஒரே பிரெஞ்சுச் சொல்லின் பிள்ளைகள். பழைய பிரெஞ்சில் 'புரெல்' என்றால் முரட்டுக் கம்பளித் துணி. எழுதும் மேசைமேல் அதை விரித்தார்கள். துணியின் பெயர் மேசைக்கு ஒட்டிக்கொண்டது. அப்புறம் மேசை கிடந்த அறைக்கு, கடைசியில் அலுவலகத்துக்கே. ஆங்கிலத்தில் இழுப்பறை வைத்த மேசைக்கும் இதே பெயர். திருச்சி பீரோ அந்தக் கிளை.

வெளியுறவுச் செய்தியில் வருவது அலுவலகக் கிளை. அமெரிக்க வெளியுறவு அமைச்சு உலகை ஆறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பீரோவிடம் விட்டிருக்கிறது. கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் அமெரிக்கத் தூதரகம் வாஷிங்டனில் கிழக்காசிய, பசிபிக் பீரோவின்கீழ் வருகிறது. அங்கே மலேசியாவைக் கவனிக்கும் அதிகாரிக்கு 'டெஸ்க்' அதிகாரி என்று பெயர். திரும்பவும் மேசைதான்! சிங்கப்பூரும் நம்மோடு அதே பீரோவில். சென்னையும் யாழ்ப்பாணமும் தெற்கு, மத்திய ஆசிய பீரோவுக்குப் போய்விட்டன. தமிழ் பேசும் ஊர்களுக்கு நடுவே வாஷிங்டன் போட்ட கோடு வங்கக் கடலில் ஓடுகிறது.

சரி, அமைச்சுக்குள் இருக்கும் இந்த பீரோவைத் தமிழில் என்ன சொல்வது? இலங்கையில் 'வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம்' என்று அரசே எழுதுகிறது. தனித்து இயங்கும் நிறுவனத்துக்குப் பணியகம் அழகான சொல். ஆனால் அமைச்சுக்குள் இருக்கும் ஒரு கூறுக்கு அது கொஞ்சம் பெரிய சட்டை. துறை என்றால் அமைச்சோடு குழம்பும். தமிழ்நாட்டில் அமைச்சையே துறை என்பார்கள். என் ஓட்டு 'வட்டாரப் பிரிவு'க்கு.

புத்ராஜெயாவில் நம் வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவும் இப்படித்தான் உலகைக் கூறு போட்டு வைத்திருக்கிறது. அங்கே ஒரு கூறுக்குப் பெயர் 'பஹாகியான்'. சமஸ்கிருத 'பாக' மலாய்க்குள் போய் எடுத்த உருவம் அது. கடையில் பாதியாகப் பிரித்துத் தரச் சொல்லும்போது வாயில் வரும் 'பாகி'யும் அதிலிருந்து வந்ததே. தமிழில் அதுதான் பாகம்.