மாத்திரைக்கு லீவு கிடையாது

போன வருடம் ஒருநாள், குடியாத்தம் பக்கத்திலிருந்து வழக்கமாக வரும் கைலித் தறிக்காரர் ஒருவர் என் கவுன்ட்டர் முன்னால் வந்து நின்றார். மாத முதல் வாரத்தில் வர வேண்டியவர். அன்றைக்குத் தேதி 24.

"என்னண்ணே, மாத்திரை மீதி இருந்ததா?"

"இல்ல சார். தறிய வுட்டுட்டு வர முடியல. ஒடம்பு நல்லாத்தானே கீது, ஒரு பத்துப் பதினஞ்சு நாள்தானேன்னு இருந்துட்டேன்."

வேலூரில் ரத்தப் புற்றுநோய் மருந்துகளை எடுத்துக் கொடுக்கும் மருந்தாளுநர் நான். 'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்பதைப் போல என்னைப் பயமுறுத்துகிற வார்த்தை வேறில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. (அவரை யாரும் அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அவருக்கு வந்திருப்பது நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய். சுருக்கமாக சிஎம்எல். சத்தமில்லாமல் வருகிற நோய் இது. வேறு எதற்கோ ரத்தம் எடுத்துப் பார்க்கும்போது பலருக்குத் தெரியவருகிறது. நான்காயிரம் முதல் பதினோராயிரம் வரை இருக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்று நிற்கும். சிலருக்கு மண்ணீரல் வீங்கி இடது விலா எலும்புக்குக் கீழே பாரமாக இருக்கும், நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிடும். களைப்பு, எடை குறைவு, ராத்திரி வியர்வை உண்டு. இதையெல்லாம் வேலூர் வெயிலின் கணக்கில் எழுதிவிட்டு மாதக்கணக்கில் இருந்துவிடுகிறவர்கள் உண்டு.

எலும்பு மஜ்ஜையில் ஒரே ஓர் அணுவில் 9ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்வதுதான் ஆரம்பம். அப்படிக் குட்டையாகிப்போன 22ஐ 1960இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் கண்டார்கள். ஊர்ப் பெயரே அதற்குப் பெயராகிவிட்டது. துண்டுகள் இடம் மாறியிருக்கின்றன என்பதை 1973இல் காட்டியவர் ஜேனட் ரவ்லி. ஒட்டிய இடத்தில் பி.சி.ஆர்-ஏ.பி.எல் என்ற புது மரபணு உருவாகி ஒரு நொதியைச் செய்கிறது. பம்ப்செட் மோட்டாரின் ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்டால் தொட்டி நிறைந்த பிறகும் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்குமல்லவா, அந்த நொதியும் அப்படித்தான். வெள்ளை அணு உற்பத்தியை நிறுத்தவே விடாது.

இது பெற்றோரிடமிருந்து வந்ததல்ல, பிள்ளைகளுக்குப் போவதுமல்ல, தொட்டால் ஒட்டாது. ராணிப்பேட்டை, வாணியம்பாடிக்காரர்கள் தோல் தொழிற்சாலைத் தண்ணீராலா என்று கேட்பார்கள். பாலாறு கெட்டுப்போனது உண்மை, அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் இந்த நோய்க்கு உறுதியாகத் தெரிந்த வெளிக் காரணம் மிக அதிகமான கதிர்வீச்சு மட்டும்தான். பெரும்பாலானவர்களுக்குக் காரணம் என்று எதையும் காட்ட முடியாது. 'நான் என்ன பாவம் செய்தேன்' என்று கேட்கும் அம்மாக்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நீங்கள் எதுவும் செய்யவில்லை.

2001இல் இமாட்டினிப் என்ற மாத்திரை வரும்வரை இருந்த வழிகள் கடினமானவை. அணுக்களைக் குறைக்கும் மாத்திரைகள், இன்டர்ஃபெரான் ஊசி, பொருத்தமான உடன்பிறப்பு கிடைத்தால் எலும்பு மஜ்ஜை மாற்று. இமாட்டினிப் போய் அந்த நொதியின் பள்ளத்தில் உட்கார்ந்து அதை வேலை செய்யவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இந்த மருந்தோடு தொடங்கியவர்களைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்த பெரிய ஆய்வில், நூற்றுக்கு 83 பேர் பத்தாண்டுகளைக் கடந்து உயிரோடு இருந்தார்கள். விலையும் நம் நாட்டில் ஒரு கதை. மூல நிறுவனமான நோவார்ட்டிஸின் கிளிவெக் மாதத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டியது. அதற்குக் காப்புரிமை கிடையாது என்று 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்திய நிறுவனங்களின் அதே மருந்து தடையில்லாமல் தொடர்ந்து கிடைக்க அந்தத் தீர்ப்புதான் வழி செய்தது. தறி வேலை செய்பவரும் இன்று இந்த மாத்திரையை வாங்க முடிகிறது.

இவ்வளவு நல்ல மருந்து இருந்தும் ஏன் தவறுகிறது? மாத்திரை அந்த ஸ்டார்ட்டரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, கழற்றி எறிந்துவிடவில்லை. உடம்பில் இமாட்டினிப் பாதியாகக் குறைய ஏறக்குறைய 18 மணி நேரம்தான். அதனால்தான் தினமும். லண்டனில் 87 நோயாளிகளின் மருந்துப் புட்டி மூடியில் சிப் வைத்து, எத்தனை முறை திறந்தார்கள் என்று பார்த்த ஆய்வு 2010இல் வெளியானது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் சுமார் 94 சதவீதம் பேர் ஆறாண்டில் நல்ல கட்டுப்பாட்டை எட்டினார்கள். அதற்குக் கீழே இருந்தவர்களில் 28 சதவீதம்தான். மாதத்தில் மூன்று நாள் விட்டாலே தொண்ணூறு. அந்த மூன்று நாளை நினைத்துப் பாருங்கள்.

நோய் எவ்வளவு மீதி இருக்கிறது என்று பார்க்க, அந்தப் புது மரபணுவை ரத்தத்தில் அளக்கும் பி.சி.ஆர் (PCR) சோதனை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. மரபணுப் பெயரில் வரும் பி.சி.ஆர் (BCR) வேறு. கோவிட் காலத்துக்குப் பிறகு 'மூக்குல குச்சி வுடுவாங்களா சார்' என்று கேட்கிறார்கள். சோதனை முறை அதே வகை, தேடுவது வேறு. அந்த மரபணுவின் அளவு முதல் மூன்று மாதத்தில் 10 சதவீதத்துக்குக் கீழே, ஆறாம் மாதத்தில் 1க்குக் கீழே, ஒரு வருடத்தில் 0.1க்குக் கீழே வர வேண்டும். வரவில்லை என்றால் முதலில் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று பார்ப்போம், அப்புறம் மருந்து பிடிக்காதபடி அந்த மரபணுவில் புதிதாக மாற்றம் உண்டா என்று. தாசாட்டினிப், நிலோட்டினிப் என்று அடுத்த மருந்துகள் இருக்கின்றன.

நிறுத்துகிறவர்கள் பலர் சின்னத் தொல்லைகளால்தான் நிறுத்துகிறார்கள். காலையில் இமை வீக்கம், ராத்திரி கெண்டைக்கால் இழுப்பு, குமட்டல், தோல் வெளுப்பது. எங்களிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் வழி இருக்கிறது. இமாட்டினிப்பை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு போட்டால் குமட்டல் குறையும். மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. ஆம்பூர், பேரணாம்பட்டிலிருந்து வரும் நோன்பாளிகள் நோன்பு திறந்து சாப்பிட்ட பிறகு எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நிலோட்டினிப்புக்கு வெறும் வயிறும் இரண்டு வேளையும் தேவை, அதனால் ரமலானுக்கு முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். டிபிக்குத் தரும், சிறுநீரைச் சிவப்பாக்கும் ரிஃபாம்பிசின் இந்த மருந்துகளின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். எங்கே வைத்தியம் பார்த்தாலும், நாட்டு மருந்து சாப்பிட்டாலும், சிஎம்எல் மாத்திரையைக் காட்டுங்கள். குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பே பேச வேண்டும்.

மாத்திரையை நிறுத்தவே முடியாதா? சிலருக்கு முடியும். பல வருடம் சாப்பிட்டு, நோய் மிக ஆழமாகக் குறைந்து, அப்படியே நிலைத்தவர்களுக்கு மருத்துவர் நிறுத்திப் பார்ப்பார், மாதாமாதம் சோதனையோடு. அவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்திலேயே. மீண்டும் தொடங்கினால் அநேகமாக எல்லோருக்கும் அடங்கிவிடுகிறது. தானாக விடுவதும் இதுவும் ஒன்றல்ல.

சரி, அந்தத் தறிக்காரர். விசாரித்தால் அது முதல் முறையல்ல. பி.சி.ஆர் சோதனையில் 0.08 சதவீதத்தில் இருந்தவருக்கு அந்தத் தடவை 2.3 வந்தது. முகம் சுருங்கிவிட்டது. நல்லவேளை, மரபணு மாற்றம் இல்லை. அவர் மனைவியைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினேன். தறிக்கு மேலே தினக் காலண்டரை மாட்டி, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை போட்டால்தான் அன்றைய தாளைக் கிழிப்பது என்று அந்த அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தார். ஒன்பது மாதத்தில் மறுபடி 0.1க்குக் கீழே வந்துவிட்டது. இந்த வருடம், வைகாசியில் நடக்கும் குடியாத்தம் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பாகவே வந்தார். "திருவிழாவுல பஸ் கெடைக்காது சார், முன்னாடியே குடுத்துடுங்க" என்று மாத்திரைகளை வாங்கி, அட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.