ஜவ்வரிசிக்குள் தண்ணீர் செய்யும் வேலை

சேலம், ஆத்தூர்ப் பக்கத்து சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் குவியும் மரவள்ளிக் கிழங்கு தென் அமெரிக்கப் பயிர். போர்த்துக்கீசியரால் இந்தியாவுக்கு வந்து கேரளத்தில் பரவியது. ஜவ்வரிசியோ முதலில் மலேயாப் பக்கத்துச் சேகோ பனையின் தண்டிலிருந்து எடுத்த மாவில் செய்த பண்டம். இரண்டாம் உலகப் போரில் அந்த இறக்குமதி நின்றபோது, சேலத்தார் கிழங்கு மாவையே அதே உருண்டையாகத் திரட்டிவிட்டார்கள்.

தோல் நீக்கிய கிழங்கை அரைத்து, நீர்விட்டு வடிகட்டினால் வரும் பாலில் மாவு அடியில் படியும். கிழங்கில் இயல்பாக உள்ள சயனைடு நச்சு அரைக்கும்போது விடுபட்டு, கழுவும் நீரிலும் பின்னர் படும் சூட்டிலும் பெரும்பாலும் போய்விடுகிறது. ஈர மாவைக் குலுக்கினால் மணிகள் திரளும். அவற்றை வறுத்தால் மேற்பரப்பு மட்டும் வெந்து, உள்ளே பச்சை மாவாகவே நிற்கும். இது மாவு ஜவ்வரிசி. ஆவியில் வேகவைத்தால் கண்ணாடிபோன்ற நைலான் ஜவ்வரிசி.

மரவள்ளி மாவுச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, கிளைவிட்ட மூலக்கூறான அமைலோபெக்டின். 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது நீரை இழுத்து உப்பி, ஒளி ஊடுருவும் கூழாகிறது. நேர்ச்சங்கிலி மூலக்கூறான அமைலோஸ் குறைவு என்பதால் ஆறினாலும் சட்டென்று கெட்டிப்படுவதில்லை. நம் பாயசத்தின் வழவழப்பு இதனால்தான்.

மராட்டியர்களின் கிச்சடிக்கு அந்த வழவழப்பே ஆகாது. சேலத்து ஜவ்வரிசியைப் பெருமளவில் வாங்கும் அவர்கள், தானியம் விலக்கும் விரத நாளில் அதைக் கிச்சடியாக்குகிறார்கள். இந்த மாவின் மிக நுட்பமான சமையல் இதுவே என்பேன். குளிர்ந்த நீரில் பச்சை மாவு கரையாது. அளவாகவே நீரை உறிஞ்சும். ஊறிய மணியை வாணலியில் இட்டால், தன்னுள் இருக்கும் அந்தக் கொஞ்ச நீரிலேயே வேகிறது. வெளியே மிச்ச நீர் இல்லாததால் கூழ் கசியாது. வேர்க்கடலைப் பொடி மணிகளுக்கு இடையே புகுந்து ஒட்டவிடாமல் தடுக்கிறது.

வடாத்துக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. தாராளமாக நீர்விட்டுக் கூழாகக் காய்ச்சி, சேலத்துச் சித்திரை வெயிலில் உலர்த்தவேண்டும். நீர் போகப்போகக் கூழ் கண்ணாடிபோல் இறுகும். ஆனால் சிறிது ஈரம் உள்ளேயே சிறைப்பட்டிருக்கும். காய்ந்த எண்ணெயில் விழுந்ததும் அந்த இறுக்கம் இளகி, ஈரம் ஆவியாகிப் பொங்க, வடாம் பல மடங்கு பொரிகிறது. அரைகுறையாகக் காய்ந்ததில் ஈரம் மிகுதி. பொரிந்த சுவர்கள் இறுகுவதற்குள் ஆவி வெளியேறிவிடும். நடுவில் பல்லில் ஒட்டும் கெட்டி மாவுதான் மிஞ்சும்.