கவிஞரின் றங்குப்பெட்டியை எரிக்க முன்னர்

புலம்பெயர்ந்த கவிஞரின் வாழ்க்கை வரலாற்றுக்கு வேண்டிய சான்றுகளில் நல்ல பங்கு பாரிசிலோ ரொறன்ரோவிலோ இல்லை. யாழ்ப்பாணத்தில், தாய்வீட்டு அலுமாரிக்கு மேலே றங்குப்பெட்டிக்குள் கிடக்கிறது. வீடு திருத்தும்போது முதலில் வீட்டுப் பின்கோடிக்குள் எரிவதும் அதுதான். 1981 யூன் 1இல் யாழ் நூலகத்தோடு எரிந்த ஏறக்குறைய 97,000 நூல்களை ஆண்டுதோறும் நினைவுகூருகிற நாங்களே இதற்கும் நெருப்பு வைக்கிறோம்.

கடிதத்தை வைத்துக்கொண்டு உறையை எறியாதீர்கள். அகதி முகாம், நண்பரின் அறை, பிறகு சொந்த வீடு என்று ஆள் இடம்மாறிய வரிசை உறைகளின் முகவரியிலும் தபால் திகதியிலும்தான் இருக்கிறது. போர்க்காலத்தில் ஆள் கையில் கொடுத்தனுப்பிய கடிதத்துக்குத் தபால் முத்திரை இராது. யார், எப்போது கொண்டுவந்தார் என்று வீட்டு மூத்தவர்களிடம் கேட்டு, தனித்தாளில் பென்சிலால் எழுதிச் சேருங்கள். கடிதத்தில் எதையும் எழுத வேண்டாம். குண்டூசி மாரி ஈரத்தில் துருப்பிடித்துத் தாளைத் தின்னும், மெதுவாகக் கழற்றிவிடுங்கள். கிழிசலுக்கு ஒட்டும் ரேப் கூடாது, சில வருடத்தில் பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கிவிடும்.

உணவகச் சமையலறையில் வேலைசெய்த கவிஞர் பில் துண்டின் முதுகில் எழுதியிருக்கலாம். பேனா எழுத்து நிற்கும்; முன்பக்கத்தில் வெப்பத்தால் அச்சான திகதியும் நேரமும் மங்கிக்கொண்டே போகும். எந்த இரவு, எத்தனை மணிக்குப் பிறகு அந்தக் கவிதை பிறந்தது என்பதற்குச் சில வேளை அது ஒன்றே சாட்சி. அன்றைக்கே இரண்டு பக்கத்தையும் அங்குலத்துக்கு 400 புள்ளியில் ஸ்கான் செய்யுங்கள். மென்மையான பிளாஸ்ரிக் (PVC) உறையில் போட்டால் இன்னும் விரைவாக மங்கும். சூட்டில் லமினேற் செய்தால் துண்டு முழுவதும் கறுத்துவிடும். 'பாதுகாப்பாக' வைக்கப்போய் அழிப்பது என்பது இதுதான்.

பிறந்த திகதியை அகதி ஆவணத்தை மட்டும் நம்பி எழுத வேண்டாம், பிறப்பத்தாட்சிப் பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். தகப்பன் பெயர் அங்கே குடும்பப் பெயராகியிருக்கும், புனைபெயர்கள் வேறு. எல்லாவற்றையும் ஒரே தாளில் வரிசைப்படுத்தாவிட்டால் ஒரே ஆள் மூன்று கவிஞராகிவிடுவார்.

பழைய கணினிக் கோப்பு ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறந்தால் பழுது என்று அழிக்காதீர்கள். பெரும்பாலும் அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் தட்டியது. இன்றைய பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றும்போது இடையில் உள்ள ஆங்கிலச் சொற்கள் தமிழ்க் குப்பையாகும், மேற்கோள் குறிகள் குழம்பும். மூலக் கோப்பைத் தொடாமல் பிரதியில் மாற்றி, அச்சில் வந்த கவிதையோடு வரிவரியாக ஒப்பிடுங்கள்.

வாழ்க்கை வரலாறு எழுதுவோர் கடைசியில் இடறுவது உரிமையில். கடிதத் தாள் தாய்க்குச் சொந்தம், அதிலுள்ள வரிகள் எழுதியவருக்கே சொந்தம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கச் சட்டப்படி அந்தப் பதிப்புரிமை அவர் இறந்து 70 ஆண்டுவரை நீடிக்கும். பெட்டியை வாங்கும் அன்றே கவிஞரிடமோ வாரிசிடமோ எழுத்துமூலச் சம்மதம் கேளுங்கள். இரண்டு பிரதி, ஒன்று வீட்டாரிடம் இருக்கட்டும்.