தேய்ந்துபோகும் ஒலியைப் பாட வைத்த நாக்டர்ன்

வயலினில் வில்லை இழுக்கும் வரை ஒலி நிற்கும். நடுவில் கூட்டலாம், குறைக்கலாம். பியானோவில் அது முடியாது. கட்டையை அழுத்தியதும் உள்ளே ஒரு சிறு சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டு விலகிவிடும். அதற்கு மேல் அந்த ஒலியை விரலால் ஏற்ற முடியாது. அழுத்திப் பிடித்தாலும் அது தேய்ந்துகொண்டேதான் போகும். இந்தக் கருவிக்குத்தான் இசையமைப்பாளர் ஃபிரெடரிக் ஷோப்பான் இருபது வயதை ஒட்டி ஒபஸ் 9 (ஒன்பதாம் எண்ணுள்ள வெளியீடு), எண் 2 நாக்டர்னை, அதாவது இரவின் மனநிலையில் அமைந்த ஒரு இசைத்துண்டை, எழுதினார். ஈ ஃபிளாட் மேஜர் என்ற சுரவரிசையில் அமைந்த அது 1832-இல் அச்சானது. கேட்டால் யாரோ பாடுவது போலவே இருக்கிறது. எப்படி?

பாதி விடை பியானோவுக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான சுரங்களுக்கு ஒரு கம்பி இல்லை, இரண்டு மூன்று கம்பிகள். சுத்தியல் தட்டியதும் அவை ஒன்றாக அதிர்ந்து, தாங்கியிருக்கும் மரப்பாலத்தை ஒரே பக்கமாகத் தள்ளும். ஒலி பெரிதாக வரும், ஆற்றலும் வேகமாகத் தீரும். ஆனால் அந்தக் கம்பிகளின் சுருதி நூலிழை வித்தியாசத்தில்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் ஒன்று மேலே போகும்போது மற்றொன்று கீழே போக ஆரம்பிக்கும். பாலம் அவ்வளவாக அசையாது, மிச்ச ஆற்றல் மெதுவாகக் கசியும். அதனால் பியானோவின் ஒலி முதலில் சட்டென்று விழுந்து, அப்புறம் நீளமான ஒரு வாலாக நிற்கிறது. இதை இயற்பியலாளர் கேப்ரியல் வைன்ரைக் 1977-இல் விளக்கினார். அந்த வால் இல்லாவிட்டால் பியானோவில் பாட்டே கிடையாது.

மீதிப் பாதி ஷோப்பானின் வேலை. இடது கையைக் கவனியுங்கள். தாளம் 12/8. ஒவ்வொரு அடியிலும் கீழே ஒரு மந்திர ஸ்தாயி சுரம், அதன் மேல் இரண்டு கார்டுகள் (ஒரே சமயத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்). வலது கையின் நீண்ட சுரம் தேயும்போது, அடியில் இந்த அசைவு நிற்காமல் ஓடுவதால் காது அந்தத் தேய்வைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பெடலை மிதித்தால் எல்லாக் கம்பிகள் மேலிருந்தும் ஒலியை அடக்கும் டேம்பர்கள் எழும்பிவிடும். இடது கை தட்டும் மந்திர ஈ ஃபிளாட் சுரத்தின் கம்பி தன் அதிர்வெண்ணில் மட்டும் அதிர்வதில்லை. அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, ஐந்து மடங்கிலும் அதிர்கிறது. மூன்று மடங்கில் வருவது பி ஃபிளாட், ஐந்து மடங்கில் கிட்டத்தட்ட ஜி. நாக்டர்னின் மெட்டு பி ஃபிளாட்டில் தொடங்கித் தாவிப் பிடிப்பது அதே ஜி-யைத்தான்! கீழே ஈ ஃபிளாட் ஒலிக்கும்போது மேலே ஜி விழுவதால், திறந்திருக்கும் கம்பிகளும் அதோடு சேர்ந்து அதிர்கின்றன. அந்த முதல் தாவல் இவ்வளவு நிறைவாக ஒலிப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம் என்பேன். கார்டு மாறும் இடத்தில் பெடலையும் மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும்.

இனி மெட்டு. முதல் வரி திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் சங்கதி போடுவது போல அலங்காரம் கூடிக்கொண்டே. அழகுக்காக மட்டும் இல்லை. ஒலி தேயவிருக்கும் இடத்தில் ஒரு டிரில் (அடுத்தடுத்த இரண்டு சுரங்களை மாறி மாறி வேகமாகத் தட்டுவது) அல்லது அரைச்சுரங்களின் சறுக்கல் வந்தால், புதிய தட்டல்கள் ஆற்றலை நிரப்பிவிடும். இத்தாலிய ஆபெரா பாடகர்கள் இப்படித்தான் திரும்ப வரும் வரியை அலங்கரிப்பார்கள். ஷோப்பான் அவர்களை விரும்பிக் கேட்டவர், மாணவர்களையும் கேட்கச் சொன்னவர். அயர்லாந்துக்காரரான ஜான் ஃபீல்டு நாக்டர்ன் என்ற வடிவத்தை முன்பே தொடங்கியிருந்தார். அதில் இந்த அளவுக்குக் குரலைக் கொண்டுவந்தவர் ஷோப்பான்தான்.

முடிவை நெருங்கும்போது தாளம் நின்றுவிடுகிறது. உச்ச ஸ்தாயியில் நான்கே சுரங்கள் சுழன்று சுழன்று வருகின்றன. அங்கே கம்பிகள் மிகக் குட்டையானவை, ஒலி நீடிக்காது. அங்கே ஒலியைக் காற்றில் நிறுத்த வேண்டுமென்றால் விடாமல் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஷோப்பான் அதைத்தான் செய்கிறார்.

வேகம் பற்றியும் சொல்ல வேண்டும். ஒபஸ் 9-ஐ ஷோப்பான் சமர்ப்பித்தது மாரி பிளெயெல் என்ற பியானோ கலைஞருக்கு. அவர் கணவர் காமில் பிளெயெலின் பியானோக்களைத்தான் ஷோப்பான் பெரிதும் விரும்பினார். அந்தக் காலப் பியானோக்களில் கம்பிகளின் இழுவிசை குறைவு, சுத்தியல்கள் சிறியவை, ஒலி இன்றைய பியானோவைவிடச் சீக்கிரம் தேயும். வேகத்தைச் சொல்லும் மெட்ரோனோம் குறிப்பும் நிமிடத்துக்கு 132 எட்டில் ஒரு பங்கு சுரங்கள் என்றே இருக்கிறது. இன்று பலர் அதைவிட மெதுவாக இழுக்கிறார்கள். என் காதுக்கு அதில் மெட்டு துண்டு துண்டாகிவிடுகிறது. பழைய பிளெயெலில் வாசித்த பதிவு ஒன்றைத் தேடிக் கேளுங்கள். முதல் வரி முழுவதும் ஒரே மூச்சில் வந்துவிடும்.